இருபது விநாடி அசையாமல்

மகன்,

கமராவை நிறுத்துகிற என் ட்ரைபொட்டை நேற்றே பிரித்து, கால்களின் திருகுகளுக்குள் இறுகிக் கிடந்த உப்பையும் மணலையும் பழைய பல் பிரஷால் தேய்த்து எடுத்து, எண்ணெய் தொட்டு வைத்துவிட்டேன். நாளை பின்னேரம் நானே பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து, உன் ஃபிளாட்டின் கீழே இருக்கும் செக்கியூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். மேலே வரமாட்டேன். இந்தக் கடிதம் ட்ரைபொட் பையின் அடியில் இருக்கும். நீ இதை வாசிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்க எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான். போன கிழமை நீ தொலைபேசியில் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். கலியாணம் முடிந்து தர்சினியோடு நுவரெலியாவுக்குப் போகும்போது, புதிதாக வாங்கிய கமராவில் மலையையும் மூடுபனியையும் எப்படி எடுப்பது என்பது ஒன்று. அது எனக்குக் கைவந்த வேலை, நீ கொட்டாவி விட்டாலும் நிறுத்தாமல் சொல்லுவேன். மற்றது, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் திரையில் போட்டுக் காட்டுவதற்கு, சின்ன வயதில் வெள்ளவத்தைக் கடற்கரையில் உன்னை நான் எடுத்த படங்கள். "அவ்வளவு காலமும் எடுத்தனீங்கள்தானே அப்பா, ஒரு பத்துப் படமாவது தேடித் தாங்கோவன்" என்றாய். பாப்பம் என்று சொல்லிப் போனை வைத்தேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, மகன். அந்தப் படங்கள் தொலையவில்லை, கறையான் அரிக்கவில்லை. அவை ஒருநாளும் இருந்ததில்லை. ஏன் இல்லை என்பதை ஞாயிறுக்கு முன் உனக்குச் சொல்லியாக வேண்டும்.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. நான் எழுத உட்கார்ந்ததைக் கண்டதும் குசினியிலிருந்து கை துடைத்தபடி வந்து, "கலியாண வீட்டில உதுகளைக் கிளறாதேங்கோ. ஆல்பம் மழைத்தண்ணியில நனைஞ்சு போச்சுதெண்டு சொல்லிவிடுங்கோ. இவ்வளவு காலமும் சொல்லாததை இன்னும் ஒரு மாசம் சொல்லாமல் விட்டால் குடியா முழுகிப்போகும்?" என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் மழைத்தண்ணி என்று இன்னொரு பொய்யைச் சொல்ல வாயெடுத்தபோது எனக்கே என்மேல் ஒரு வெறுப்பு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். மனம் ஒரு நிலைக்கு வரும்வரை கைக்கு ஒரு வேலை வேண்டும்.

இந்த ட்ரைபொட் உன் கமராவைவிடப் பாரம். முணுமுணுக்காமல் சும. மலையில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது, இலேசான ட்ரைபொட் நடுங்கினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் வீண். கால்களை விரித்து நீட்டும்போது மேலே உள்ள தடித்த துண்டை முதலில் நீட்டு, மெல்லிய துண்டு கடைசியில். நடுத்தண்டை உயர்த்தாதே. கமராப் பையை நடுவில் உள்ள கொழுக்கியில் தொங்கவிட்டால் இன்னும் உறுதியாக நிற்கும். லென்ஸில் நடுக்கம் தடுக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறதல்லவா, ட்ரைபொட்டில் ஏற்றியதும் அதை நிறுத்திவிடு. விரலால் அமுக்காமல் இரண்டு விநாடி டைமரில் எடு. ஐ.எஸ்.ஓ நூறுக்கு மேல் போகத் தேவையில்லை. துவாரத்தை எஃப் எட்டிலிருந்து பதினொன்றுக்குள் வைத்துக்கொள். உன்னைப் போன்ற புதியவர்கள் எல்லாம் தெளிவாக வரவேண்டும் என்று இருபத்திரண்டுவரை கொண்டுபோவார்கள், அவ்வளவு சின்னத் துவாரத்தில் வெளிச்சம் சிதறிப் படம் மங்கிப்போகும். குவியத்தைத் தூரத்து மலையில் வைக்காமல், காட்சியின் முன்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் ஏதாவது கல்லிலோ தேயிலைச் செடியிலோ வைத்து, திரையில் பெருப்பித்துப் பார்த்துச் சரிசெய். பனியை எடுக்கும்போது கமரா ஏமாறும். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் கூடிவிட்டதென்று நினைத்துப் படத்தைச் சாம்பல் நிறமாக்கும். அப்போது வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வை. மழை விட்ட கையோடு தேயிலைத் தோட்டத்தை எடுப்பதானால் லென்ஸில் போலரைசர் கண்ணாடியைப் போட்டு மெதுவாகத் திருப்பு, இலையின் பளபளப்புப் போய்ப் பச்சை வெளியில் வரும் இடத்தில் நிறுத்து. படங்களை ரோ என்கிற மூல வடிவிலேயே சேமி. பிறகு பிழை திருத்த இடமிருக்கும்.

அருவியை எடுக்க உனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி பில்டர் வைத்திருக்கிறேன். அதை லென்ஸின் முன் போட்டால் உள்ளே வருகிற வெளிச்சம் மிகவும் குறைந்துவிடும், ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கலாம். அருவிக்கு அரை விநாடி போதும், அதற்கு மேல் போனால் தண்ணீர் பஞ்சாகிவிடும். கடலுக்கு இருபது விநாடி வைத்தால் அலையெல்லாம் புகையாகி, பாறை மட்டும் கறுப்பாக நிற்கும். இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அந்த இருபது விநாடியும் ஓரிடத்தில் நிற்பது மட்டுமே படத்தில் பதியும். குறுக்கே ஒருவர் நடந்துபோனால் அவர் படத்தில் இருக்கமாட்டார். நிற்கிறவர் ஆடினால் அவரும் கரைந்துபோவார். இந்த விஷயத்தை உனக்கு ஆறு வயதில் நான் சொல்லித் தந்தேன். சொல்லித் தந்த காரணம்தான் அசிங்கமானது.

கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த காலத்தில் துறைமுகத்துக் கிரேன்களைக்கூட யாரும் ஏனென்று கேட்காமல் படம் எடுத்துத் திரிந்தவன். கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்து, கோட்டையில் ஒரு அலுவலகத்தில் படவரைஞர் வேலையும் நிரந்தரமாகி, வீட்டிலிருந்து இருநூறு அடி நடந்தால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல் என்று ஒரு வாழ்க்கை வாய்த்தபோது காலம் மாறிவிட்டது. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் பாண் வாங்கக்கூட ஒழுங்கையைத் தாண்ட முடியாத யுத்த வருஷங்கள் அவை. அந்த நாட்களில் ஒரு தமிழன், மூன்று கால் உள்ள ஒரு சாமானைக் கடலைப் பார்த்து நிறுத்தி, அதன்மேல் ஒரு கறுப்புப் பெட்டியை ஏற்றி, கையில் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? எனக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தும் போனேன். அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவனுடைய சுவருக்கும் படிக்கும் கோடு போட்டுவிட்டு வருகிறவனுக்கு, சூரியன் விழுகிற அந்தக் கால் மணித்தியாலம் மட்டுமே சொந்தமாக இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் தடவை ஒரு ஆமிக்காரர் என்னிடம் வந்தார். சின்ன வயது, மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை, கையில் துவக்கு. என்ன எடுக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். கடல் என்றேன். கடலில் என்ன இருக்கிறது என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததை எதற்கு எடுக்கிறாய் என்று கேட்டார். அடையாள அட்டையை வாங்கி என் பெயரை மெல்ல எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னைத் தேடி அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு பாதையைக் கடந்து வந்தார். நீ அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாய். அவருடைய முகம் அப்படியே இளகிவிட்டது. "ஆ, புத்தாவா?" என்று, மகனா எனச் சிங்களத்தில் கேட்டு, உன் தலையைத் தடவி, பிள்ளையைத்தான் படம் எடுக்க வந்தாயா, அதைச் சொல்வதற்கென்ன என்று அட்டையைத் திருப்பித் தந்தார். உன்னை ஒரு கல்லில் நிறுத்தச் சொல்லி, அவரே தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்றிரவு எனக்கு நிம்மதியான நித்திரை. இனிப் பயமில்லை, வழி கிடைத்துவிட்டது என்ற நிம்மதி.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் கிரிக்கெட் விளையாடக்கூட வருவதில்லை, என்ர அப்பா என்னைப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போறார் என்று நீ ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாய். நான் உன்னை ஒரு அனுமதிப் பாஸ் மாதிரிக் கொண்டுபோனேன், மகன். ரயில் பாதையில் ரோந்து வருகிறவர்கள் தூரத்தில் தெரிந்ததும், "ஓடிப்போய்க் கல்லில நில்லு" என்பேன். நீ நிற்பாய், பின்னால் கடல். "ஆடாத. இருபது எண்ணு" என்று சொல்லி, குனிந்து கமராவுக்குள் பார்த்து, ஷட்டர் வயரைப் பிடித்த கையை உயர்த்துவேன். அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கடந்து போவார்கள். போனதும், "சரி, இறங்கி அங்கால இரு" என்பேன். அதன் பிறகுதான் என் வேலை தொடங்கும். நீ கல்லில் நின்ற நேரத்தில் ஒரு தடவைகூட நான் ஷட்டரை அமுக்கியதில்லை. அலைச் சத்தத்தில் அமுக்கினேனா இல்லையா என்று உனக்குக் கேட்காது. பிலிம் ஒரு காரணம், வெளிச்சம் போய்விடும் என்பது இன்னொரு காரணம். ஆனால் உண்மையான காரணம் என் தலைக்கனம். மனிதர் இல்லாத கடலை எடுக்கிற பெரிய ஆள் என்ற நினைப்பு. என் ரோலில் சட்டை போட்ட ஒரு சின்னப் பையன் நிற்பதை நான் விரும்பவில்லை. அந்தப் பையன் நீ.

கழுவி வந்த படங்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் எங்க?" என்று கேட்டாய். எனக்கு யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. "நீ அசைஞ்சிட்டாய். அசைஞ்சா வராது" என்றேன். அலை புகையாகிப்போனதைக் காட்டி, அசைகிறதெல்லாம் இப்படித்தான் போகும் என்று விளங்கப்படுத்தினேன். அதில் ஒரு சொல்லும் விஞ்ஞானப்படி பிழையில்லை, அதுதான் என்னை இன்றைக்கும் கொல்லுகிறது. ஒருநாள் அம்மா உன்னை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கண்டார். கைகள் இரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, உதடு மட்டும் அசைய இருபதுவரை எண்ணிக்கொண்டிருந்தாய். "ஒரு படமாவது எடுத்துக் குடுங்கோவன், உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்று அம்மா என்னைக் கேட்டார். எடுப்பம் என்றேன். அடுத்த கிழமை கடற்கரையிலிருந்து வரும்போது, "அப்பா, இண்டைக்கு நான் மூச்சும் விடேல்ல" என்றாய். அந்தப் படத்திலும் நீ இல்லை என்று கண்டபோது, "காத்து உன்ர சேர்ட்டை ஆட்டிப்போட்டுது" என்றேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நீ சேர்ட்டைக் காற்சட்டைக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாய். அப்போதும் நான் அமுக்கவில்லை.

இப்படியே இரண்டு வருஷம். உனக்கு எட்டு வயதானபோது, எனக்குக் கடல் மட்டும் போதாமல் போய்விட்டது. காட்சிக்குள் கண்ணை இழுத்துக்கொண்டு போக ஒரு கோடு வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோடு ரயில் பாதையில் தெரிந்தது. வாய்க்கால் கடலில் விழுகிற இடத்தில் ஒரு பாலம், அதை நோக்கி வளைந்து போகும் தண்டவாளம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சிவந்த தண்ணீர். பாலத்தைப் படம் எடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். உன்னை முப்பது யார் தூரம் தள்ளிக் கல்லில் இருக்கச் சொல்லிவிட்டு, கமராவைப் பாலத்துக்குத் திருப்பி ஐந்து படம் எடுத்தேன். அன்று ரோந்து வழக்கமான பக்கத்தால் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டுத் திரும்பும்போது நாலு பேர் நின்றார்கள், ஒருவரையும் எனக்கு முன்பின் தெரியாது. யாரை எடுக்கிறாய் என்று கேட்டார்கள். மகனை என்றேன். அவர்கள் கமரா பார்த்த திசையைப் பார்த்தார்கள், பிறகு உன்னைப் பார்த்தார்கள். நீ ஓடிவந்து, யாரும் கேட்காமலே, ஒழுங்கையில் விளையாடிப் பழகிய சிங்களத்தில், "அப்பா இன்றைக்கு என்னை எட்டுப் படம் எடுத்தார் சேர்" என்றாய். விரலால் எண்ணிக் காட்டினாய். என்னையும் கமராவையும் ட்ரைபொட்டையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உன்னைத் தனியே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். "அழாமல் போ, அம்மாட்டச் சொல்லு" என்றேன். நீ அழவில்லை. நேராக நடந்து போனாய்.

உள்ளே எப்படி இருந்தது என்று எழுதப்போவதில்லை. மறுநாள் காலை அம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு, என் அலுவலகக் கடிதம், பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். கத்தவில்லை, அடிக்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என் பிலிமைக் கழுவிப் பிரதி போட்டு வைத்திருந்தார். இருபத்தொரு படம். ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். அவர் பேசியது சிங்களத்தில், தமிழில் எழுதுகிறேன். "இது கடல். இது கடல். இதுவும் கடல். இதோ பாலம். பாலம். பாலம்" என்று சொல்லிக்கொண்டே பாலம் உள்ள ஐந்தையும் தனியாக ஒதுக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "மகனைப் படம் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறாய். இருபத்தொரு படத்தில் மகன் எங்கே?" என்றார்.

எடுக்கவேயில்லை என்றால், பிள்ளையை மறைப்பாக வைத்துக்கொண்டு பாலத்தை எடுத்தவன் ஆகிறேன். அதற்குப் பிறகு நான் எப்போது வீட்டுக்கு வருவேன், வருவேனா என்பதே தெரியாது. எடுத்தேன் என்றால் படம் எங்கே? அம்மா என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். அப்போது நீ மேசைக்குக் கிட்ட வந்தாய். மேசை உன் நெஞ்சு உயரம். ஒவ்வொரு படமாக, இடமிருந்து வலமாக, உன்னைத் தேடினாய். கடைசிப் படம் முடிந்ததும் உன் உதடு கோணியது. "மம ஹெலவுனா, சேர்" என்றாய். நான் அசைந்துவிட்டேன், சேர். "அப்பா அசைய வேண்டாம் என்று சொன்னவர். நான்தான் அசைந்துவிட்டேன். அப்பாவை விடுங்கோ" என்று தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாய்.

அசைந்தால் என்ன, பிள்ளை என்ன சொல்கிறான் என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். நான் விளக்கினேன், மகன். கறுப்பு பில்டர், இருபது விநாடி, அலை புகையானது, அசைகிற ஆள் பதியாதது, எல்லாவற்றையும் மேசையில் கிடந்த படங்களில் விரல் வைத்துக் காட்டி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் விளக்கினேன். என் வாழ்க்கையில் போட்டோக் கலையை அவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. உன் அழுகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, "எட்டு வயதுப் பிள்ளைக்கு இருபது விநாடி நிற்கத் தெரியாதா? பார்ப்போமே. புத்தா, அந்தச் சுவரோடு போய் நில். அசையாதே" என்றார்.

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாய். கைகள் தொடையோடு ஒட்டின. நாடி நிமிர்ந்தது. இரண்டு வருஷம் பழகிய பிள்ளையல்லவா நீ! நீ அசையாமல் நின்றால் என் கதை பொய். அசையாத பிள்ளை படத்தில் விழுந்திருக்க வேண்டும். ஐந்து விநாடி போனது. பக்கத்து அறையில் யாரோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து. உன் கன்னத்தில் கண்ணீர் வழிந்து நாடிக்கு வந்தது, அதைக்கூட நீ துடைக்கவில்லை. அசை, என்ர ராசா, கொஞ்சம் அசை என்று மனதுக்குள் கெஞ்சினேன். சுவாமியைக்கூட நான் அப்படிக் கெஞ்சியதில்லை. பதினைந்தாவது விநாடியில் உன் கண் என் பக்கம் திரும்பியது. என்னையே பார்த்தாய். அதற்குப் பிறகு உன் வலது கை தொடையை விட்டு இறங்கி முழங்காலைச் சொறிந்தது. இன்ஸ்பெக்டர் உரக்கச் சிரித்துவிட்டார். பாலத்துப் படங்களையும் நெகட்டிவையும் வைத்துக்கொண்டு, இனிக் கமராவோடு அந்தப் பக்கம் கண்டால் கதை வேறு என்று எச்சரித்து, மதியத்துக்குள் என்னை விட்டுவிட்டார்.

அந்தக் கை தானாகச் சொறிந்ததா, எனக்காகச் சொறிந்ததா? இருபத்திரண்டு வருஷமாக இதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தானாகச் சொறிந்தது என்றால், அப்பா ஒரு இரவு உள்ளே கிடந்தது தன் பிழையால் என்று நம்பியே நீ வளர்ந்திருக்கிறாய். எனக்காக என்றால், எட்டு வயதிலேயே உனக்கு என் பொய் முழுவதும் தெரிந்துவிட்டது, தெரிந்தும் என்னைக் காப்பாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டாய். எதுவானாலும் எனக்குத் தலை நிமிர இடமில்லை. அன்றைக்குப் பிறகு ஒருநாளும் நீ உன் படம் எங்கே என்று கேட்டதில்லை. நானும் கமராவைத் துணி சுற்றி அலுமாரியின் மேல் போட்டுவிட்டேன். திரும்ப அதை எடுத்தபோது உனக்கு மீசை வந்துவிட்டது. பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்தவை இருக்கின்றன, பள்ளிக்கூடத்துப் படங்கள் இருக்கின்றன. கடற்கரையில் நான் எடுத்தது என்று ஒன்றுகூட இல்லை. போன கிழமைதான் மறுபடி கேட்டாய். தெரியாமல் கேட்டாயா, நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கக் கேட்டாயா என்றும் எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் கலியாணத்துக்கு முந்திய படங்கள் எடுக்க நீங்கள் போனபோது அம்மாவும் நானும் வந்தோமல்லவா. அந்தப் படப்பிடிப்புப் பையன், "அண்ணா, கொஞ்சம் ரிலாக்ஸா நில்லுங்க" என்று உன்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். உன் கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. நாடி நிமிர்ந்திருந்தது. தர்சினி, "இவர் பாஸ்போர்ட்டுக்கு நிக்கிறார்" என்று பகிடி பண்ணினா. எல்லோரும் சிரித்தார்கள், நீயும் வாய் திறக்காமல் சிரித்தாய். நான் கார் நின்ற பக்கமாகப் போய்விட்டேன். தண்ணீர் குடிக்கப் போனதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். அந்தக் கைகளை அப்படி ஒட்டவைத்தவன் நான். அதனால் இப்போது எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்: நீ அசையவில்லை, மகன். ஒரு வெள்ளிக்கிழமைகூட அசைந்ததில்லை. உன்னைப் போல் நின்ற பிள்ளையை நான் எங்கும் கண்டதில்லை. படம் வராததற்கு உன் கையோ காலோ சேர்ட்டோ காற்றோ காரணமில்லை. நான் எடுக்கவில்லை.

நுவரெலியாவில் மலையை எடுக்க விடியற்காலையில் எழும்புவாய், அந்த வெளிச்சம்தான் நல்லது. ஆனால் அந்தக் குளிரில் தர்சினியைப் பக்கத்தில் காவல் நிறுத்திவிட்டு மலையை மட்டும் எடுக்காதே. முதலில் அவவை எடு. கமராவை ட்ரைபொட்டிலிருந்து கழற்று. ஐ.எஸ்.ஓவை எண்ணூறுவரை தயங்காமல் ஏற்று, துவாரத்தை நாலுக்குக் கொண்டுவா, ஷட்டர் ஒரு விநாடியின் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. அவ நடக்கட்டும், பேசட்டும், தலைமயிரைக் காற்று கலைக்கட்டும், எல்லாம் பதியும். கொஞ்சம் சொரசொரப்பாக வந்தாலும் கவலைப்படாதே. அழகான கடல் படம் என்னிடம் முந்நூறுக்கு மேல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திரையில் போட அதில் ஒன்றும் உதவவில்லை.

ஞாயிறு காலையில் உனக்குத் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தோய வார்ப்பார்கள். வேட்டி சால்வையோடு வெளிக்கிடும் முன், ஐயர் சொல்ல, நீ எங்கள் இருவரின் காலிலும் விழுந்து கும்பிட வேண்டும். அம்மாவின் காலில் விழு, அவருக்கு அது தகும். என் காலில் நீ இது ஒன்றும் தெரியாமல் விழுவதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசுகிறது, அதனால்தான் கலியாணம் முடியும்வரை பொறுக்க முடியவில்லை. இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. மனம் வந்தால் விழு. வராவிட்டால் விழாதே. சனம் பார்க்குமே என்று யோசிக்காதே. மாப்பிள்ளைக்கு முழங்கால் நோ, குனிய ஏலாது என்று ஐயரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த ஒரு பொய்யாவது உனக்காகச் சொன்னதாக இருக்கட்டும்.

அப்பா